தனி வண்டி எடுத்தோம், தனி ரோடு கிடைக்கவில்லை

கடலில் நின்றது மொத்தம் 40 நிமிடம். கொடுத்தது 350 யூரோ. திரும்பி வரும்போது பின்சீட்டிலிருந்து என் மகள் கணக்குப் போட்டுச் சொன்னாள்: "அம்மா, நிமிஷத்துக்கு எட்டே முக்கால் யூரோ." பிள்ளை கணக்கில் கெட்டி என்று சந்தோஷப்படுகிற நேரமா அது? ஒரு கையில் சித்தி வாந்தி எடுத்த கவர், இன்னொரு கையில் தூங்கி வழியும் சின்னவன். காலையில் எந்த பிரேக் விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமோ, அதே சிவப்பு விளக்கு சாயங்காலமும் கண் முன்னால்.

நாங்கள் இருப்பது இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரெயூனியோன் தீவில். அதன் தலைநகர் சேன் தெனியிலிருந்து சேன் ஜில் கடற்கரைக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். நம் புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் போகிற தூரம். ரோடு காலியாக இருந்தால் முக்கால் மணிக்குள் போய்விடலாம். ரோடு காலியாக இருந்தால்!

எங்களிடம் கார் இருக்கிறது, ஐந்து பேர் உட்காரும் கார். ஊரிலிருந்து சித்தப்பாவும் சித்தியும் வந்திருக்கிறார்கள், கூட அத்தை, நாங்கள் நால்வர், ஆக ஏழு பேர். பஸ்ஸில் போவோம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்பி, சாப்பாட்டுக் கூடையோடு அம்மாவை நிறுத்தத்தில் நிற்க வைப்பதா என்று இவர் கேட்டார். அதுவும் நியாயம்தான். அதனால் ஓட்டுநரோடு ஒன்பது இருக்கை வேன். "தனிப்பயணம், உங்கள் விருப்பம், உங்கள் நேரம்" என்று கம்பெனிக்காரர்கள் போட்டிருந்தார்கள். 8 மணி நேரத்துக்கு 280 யூரோ, அதற்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் 35. அந்தக் கடைசி வரி பொடி எழுத்தில் இருந்தது. அதையும் படித்தேன். எட்டு மணி நேரத்தில் சேன் ஜில் போய் வர முடியாதா என்று சிரித்தேன். 13 வருடமாக இந்தத் தீவில் இருக்கிறவள் சிரித்தேன் பாருங்கள், முதல் திட்டு எனக்குத்தான் விழ வேண்டும்.

காலை ஏழு மணிக்கே அத்தை புளியோதரையை வாழையிலையில் கட்டி முடித்துவிட்டார். எட்டு மணிக்கு வர வேண்டிய வேன் 8.40க்கு வந்தது. "அப்போ கணக்கு 8.40லிருந்துதானே?" என்று கம்பெனிக்கு போன் போட்டுக் கேட்டேன். இல்லையாம். வண்டி அவர்கள் ஷெட்டை விட்டுக் கிளம்பிய எட்டு மணியிலிருந்தே கணக்காம். அதாவது நாங்கள் ஏறாத வண்டிக்கு நாங்கள் வாடகை கொடுத்துக்கொண்டிருந்தோம்.

ஓட்டுநர் பையனைக் குறை சொல்ல மாட்டேன். மல்பார் வீட்டுப் பிள்ளை, இங்கே தமிழ் வம்சாவளிக்காரர்களை அப்படித்தான் சொல்வார்கள். முன்கண்ணாடிக்குக் கீழே சின்னதாக ஒரு முருகன் படம். குடும்பப் பெயரில் தமிழ் இருக்கிறது, நாக்கில் இல்லை, எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. அத்தை, "தம்பி, சாப்பிட்டியாப்பா?" என்று கேட்க, அவன் கூச்சத்தோடு "வணக்கம்" என்றான். அத்தைக்கு அது போதுமாயிருந்தது. அன்று முழுவதும் அவனோடு தமிழிலேயே பேசினார், அவனும் முழுவதும் தலையாட்டினான்.

ஊரை விட்டு வெளியே வந்ததும் கடல் பாலம். சித்தப்பா அசந்துபோனார். அசரத்தான் வேண்டும். கரையில் இல்லை, கடலுக்குள்ளேயே தூண் ஊன்றி 5.4 கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டியிருக்கிறார்கள். 2022-இல் திறந்தபோது நாங்களும் வேடிக்கை பார்க்கவே ஒரு தடவை போய் வந்தோம். "பிரமாதம்மா, என்ன இருந்தாலும் வெள்ளைக்காரன் வேலை வெள்ளைக்காரன் வேலைதான்" என்றார் சித்தப்பா. அவர் வாயை மூடுவதற்குள் பாலம் தீர்ந்துவிட்டது. க்ராந்த் ஷலூப்பில் பாலம் முடிகிறது, வண்டிகள் எல்லாம் பழைய ரோட்டில் இறங்குகின்றன. மிச்சத்தை இன்னும் கட்டி முடிக்கவில்லை.

ஏன் முடிக்கவில்லை தெரியுமா? மிச்சத் தூரத்துக்குக் கடலில் கல் கொட்டி அணை மாதிரி ரோடு போடுவதாகத்தான் முதலில் திட்டம் இருந்தது. அவ்வளவு பாறையை எங்கே வெட்டி எடுப்பது என்ற சண்டையிலும் வழக்கிலும் வருடங்கள் ஓடிவிட்டன. எரிமலை கக்கி உண்டான தீவில் கல்லுக்குப் பஞ்சம்! இந்தப் பக்கம் பழைய ரோட்டுக்கு மேலே செங்குத்தான மலை. அதிலிருந்து கல் இலவசமாகவே விழுந்துகொண்டிருக்கிறது. 1963-இல் போட்ட ரோடு, 1976-இல் நான்கு வழியாக அகலப்படுத்தியது. வலை போட்டு மலையையே மூடி வைத்திருக்கிறார்கள், இருந்தும் 2006-இல் மலை சரிந்து இரண்டு பேர் போய்விட்டார்கள். அதனால் மழை பெய்தால் மலையோரத் தடங்களை அடைத்துவிட்டு, போகிற வண்டி வருகிற வண்டி எல்லாவற்றையும் கடலோரத் தடங்களில் தள்ளுகிறார்கள். இங்கே அதற்கு 'பஸ்க்யூல்மான்' என்று பெயர். காலையில் ரேடியோவில் அந்த வார்த்தை காதில் விழுந்தாலே இந்த ஊர்க்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கும். வெள்ளிக்கிழமை மலையில் நல்ல மழை. நாங்கள் போனது ஞாயிறு. வானம் கண்ணாடி மாதிரி, ரோடு மட்டும் அடைப்பு.

உயிருக்குப் பயந்து அடைக்கிறார்கள், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் இதே ஊரில் 1882-இல் ரயில் ஓடியிருக்கிறது. மலையைக் குடைந்து, இதே சேன் தெனியிலிருந்து லா பொசெசியோனுக்குச் சுரங்கத்துக்குள்ளே போயிருக்கிறது. பிறகு கார் வந்தது, ரயில் போனது. டிராம் ரயில் விடுகிறோம் என்று கிளம்பினார்கள், 2010-இல் ஆட்சி மாறியதும் அதையும் மூட்டை கட்டினார்கள். இப்போது வீட்டுக்கு இரண்டு கார். எல்லாரும் ஒரே ரோட்டில். தனி வண்டிக்குக் காசு கொடுத்தால் தனியாக உட்கார்ந்து நெரிசலை அனுபவிக்கலாம், அவ்வளவுதான்.

சரியாக க்ராந்த் ஷலூப் எதிரில் வண்டி நின்றது. சின்னவனுக்கு ஒன்றுக்கு வந்தது. இறங்க வழியில்லை. அந்தப் பள்ளத்தாக்கில்தான் பழைய லாசரே இருக்கிறது. இந்தியாவிலிருந்து கூலியாட்களை அனுப்ப பிரிட்டனும் பிரான்சும் 1860-இல் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு கரும்புத் தோட்டத்துக்குக் கூட்டி வந்த நம் ஆட்களைக் கப்பலிலிருந்து இறக்கி, நோய் இல்லை என்று தெரிகிறவரை அடைத்து வைத்த இடம். காரைக்கால், புதுச்சேரி, மதராஸ் என்று எங்கெங்கிருந்தோ ஏறி வந்தவர்கள். பையனைக் கேட்டேன், "உங்க கொள்ளுத் தாத்தாவும் இங்கேதான் இறங்கியிருப்பாரோ?" அவன் கண்ணாடி வழியாகப் பார்த்துச் சிரித்தான். "இருக்கலாம் மதாம். அவரும் இங்கேதான் மாட்டிக்கொண்டு நின்றிருப்பார்." அன்றைக்கு நான் மனம் விட்டுச் சிரித்தது அந்த ஒரு தடவைதான். சின்னவனுக்கு தண்ணீர் பாட்டில்தான் கதி.

அடைப்பைத் தாண்டி, போன உயிர் திரும்பி வந்ததும், சேன் போல் பக்கம் பையன் வண்டியை ஒரு கடை வாசலில் ஓரங்கட்டினான். வெனிலா கடை. "15 நிமிடம்தான், கம்பெனி நிறுத்தச் சொல்லியிருக்கிறது" என்றான், முகத்தைப் பார்க்காமல். உங்கள் விருப்பம், உங்கள் நேரம் என்று போட்டிருந்தார்களே, அது யாருடைய விருப்பம்? உள்ளே ஒரு அம்மா எங்களை நிற்க வைத்து எட்மோன் அல்பியுஸ் கதையை ஆரம்பித்தார். 1841-இல், 12 வயது அடிமைப் பையன், வெனிலாப் பூவுக்குக் கையாலேயே மகரந்தம் சேர்க்கும் வித்தையைக் கண்டுபிடித்தான், அதை வைத்துத்தான் இந்தத் தீவே வெனிலாவில் பணம் பார்த்தது. நல்ல கதை. என் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் காசில்லாமல் படித்த கதை. மணிக்கு 35 யூரோ கொடுத்து, கடலுக்குப் போகிற வழியில், நின்றுகொண்டு கேட்க வேண்டுமா? சித்தி கூச்சப்பட்டுக்கொண்டு இரண்டு காய் வாங்கினார். 15 நிமிடம் 35 நிமிடமாகியிருந்தது.

சேன் ஜில் வளைவில் மறுபடி நெரிசல். பையன் முதலில் புக்கான் கனோவுக்கு ஓட்டினான். நீலக் கடல், வெள்ளை நுரை. சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டியே விட்டார். எதிரில் சிவப்புக் கொடி. பக்கத்தில் சுறா படம் போட்ட பலகை.

"கடல்ல குளிக்கக் கூடாதுன்னா அப்புறம் எதுக்கும்மா கடல்?"

என்ன சொல்ல? 2011 முதல் 2019 வரை இந்தத் தீவில் சுறா கடித்து 11 பேர் இறந்திருக்கிறார்கள். 2013-இல் ஒரு பதினைந்து வயதுப் பெண் போன பிறகு பிரெஃபே, அதாவது பிரெஞ்சு அரசின் இங்கத்திய பிரதிநிதி, உத்தரவு போட்டார்: பவளப்பாறைக்கு உள்ளே இருக்கும் லகூனிலும் பாதுகாப்பு போட்ட இடங்களிலும் தவிர வேறெங்கும் இறங்கக் கூடாது. மழை பெய்து தண்ணீர் கலங்கியிருந்தால் இன்னும் மோசம், கலங்கல் தண்ணீர் என்றால் அந்தச் சுறாவுக்குக் கொண்டாட்டம். இதெல்லாம் எனக்குத் தெரியும். "தெரிந்துமா இங்கே கூட்டி வந்தாய்?" என்று இவரைக் கேட்டேன். "பையன் கொண்டு வந்தான்" என்றார். பையனைக் கேட்டேன். "கம்பெனி பட்டியலில் முதல் இடம் இதுதான், போட்டோ நன்றாக வரும்" என்றான்.

ஆக லெர்மித்தாஜ். அங்கேதான் லகூன், அங்கேதான் ஊர் மொத்தமும். வேனை நிறுத்த இடமே இல்லை. இறக்கிவிட்டு எங்கேயோ போய்விட்டான். கூடை, பாய், தண்ணீர் கேன், அத்தையின் மடக்கு நாற்காலி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வெயிலில் நடை. கரை நெடுகச் சவுக்கு மரங்கள், நம் ஊர்த் தோப்பு மாதிரியே நல்ல நிழல். நிழலைச் சுற்றிக் கயிறு! முந்தின நாள் சாயங்காலமே வந்து நாலு மரத்தை வளைத்துச் சிவப்பு வெள்ளை நாடா கட்டி, 'இந்தக் குடும்பத்துக்கு' என்று அட்டை தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒரு வளையத்துக்குள் ஆளே இல்லை. கவிழ்த்து வைத்த பெரிய அலுமினியப் பானை, அதன் நிழலில் தூங்கும் நாய். அவ்வளவுதான் குடும்பம். பொதுக் கடற்கரை ஐயா அது! நாய்க்கு நிழல், என் அத்தைக்கு வெயில்.

விறகடுப்பில் கறி கொதிக்கிற வாசனையில் கோபம் இன்னும் ஏறியது, பசி. கடைசியில் ஒரு கிரெயோல் பாட்டி அத்தையின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் கயிற்றைத் தானே அவிழ்த்தார். உட்காரச் சொல்லி, தட்டில் அஷார் வைத்துக் கொடுத்தார். மஞ்சளும் பச்சை மிளகாயும் போட்ட காய் ஊறுகாய், பேர்கூட நம் அச்சார்தான். புளியோதரைக்கு அதைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டோம். அத்தை பதிலுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தார். அந்தப் பாட்டியை மட்டும் இந்தக் குமுறலிலிருந்து விலக்கி வைக்கிறேன்.

இரண்டு மணிக்குத் தண்ணீரில் இறங்கினோம். சித்தப்பா நடந்தார், நடந்தார், இடுப்புக்கு மேல் தண்ணீர் ஏறவில்லை. அலை எல்லாம் தூரத்தில் பவளப்பாறையிலேயே உடைந்துவிடுகிறது. "இது கடலா, கோயில் குளமா?" என்றார். ஆனால் குனிந்து பார்த்தபோது காலைச் சுற்றிக் குட்டி மீன்கள் கோடு கோடாக வந்தன, மனிதர் குழந்தையாகிவிட்டார். சின்னவன் கையைப் பிடித்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தார். பதினேழு வரை எண்ணியிருப்பார்கள்.

2.40க்கு போன். கம்பெனி. "இப்போதே கிளம்பினால்தான் நல்லது மதாம், மூன்று மணிக்கு மேல் நெரிசல்." கிளம்பினோம். ஈரத் துணியோடு, மணலோடு, பாதி மீனை எண்ணாமல் விட்டுவிட்டு. ரோட்டுக்கு வந்தால் வேனைக் காணோம். வேன் 3.40க்கு வந்தது, ஏனென்றால் வேனும் நெரிசலில் மாட்டியிருந்தது.

திரும்பும்போது நடந்ததை விரித்து எழுதத் தெம்பில்லை. சித்தி மூன்று தடவை வாந்தி. ஊருக்குள் நுழைகிற இடத்தில், பாராஷ்வாவில், பழைய பீரங்கிகளுக்குப் பக்கத்தில் கால் மணி நேரம் அசையாமல் நின்றோம். வீட்டிலிருந்து நான் தினமும் நடந்து வருகிற இடம். சித்தப்பா ஜன்னலைத் திறந்து காற்று வாங்கினார். "இதுவும் கடல்தானேம்மா? நம்ம காந்தி சிலை பக்கம் மாதிரியே இருக்கு. இங்கேயே வந்து உக்காந்திருக்கலாமே." யாரும் பதில் பேசவில்லை.

ஆறு மணிக்கு வீடு. படி ஏறுவதற்குள் போனில் பில்: கூடுதல் 2 மணி நேரம், 70 யூரோ. தாமதமாக வந்த 40 நிமிடம், வெனிலா கடை, வேனுக்காக ரோட்டில் நின்ற நேரம், எல்லாம் எங்கள் தலையில். நெரிசலுக்குக் கம்பெனி பொறுப்பில்லையாம். நான் பொறுப்பா? மலையிலிருந்து கல்லை நானா உருட்டிவிட்டேன்? அந்த 70 யூரோவில் உனக்கு எவ்வளவு என்று பையனைக் கேட்டேன். அவனுக்கு நாள் சம்பளம்தானாம், கூடுதல் நேரத்தில் ஒரு காசு கிடையாதாம். மிச்சமிருந்த புளியோதரைப் பொட்டலத்தை அத்தை அவன் கையில் திணித்தார். மறுபடியும் "வணக்கம்" என்றான்.

இரவு ஒன்பது மணிக்கு ஒரு செய்தி. பயணம் எப்படி இருந்தது, ஐந்து நட்சத்திரம் போடுங்கள் என்று. இன்னும் போடவில்லை. பையனுக்குத் தனியாக, கம்பெனிக்குத் தனியாகப் போட வழி இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.