ரெண்டர் ஆக அஞ்சு நாள், சப்மிஷனுக்கு மூணு நாள்

குரூப் ப்ராஜெக்ட்ல நாங்க நாலு பேர். முதல் மீட்டிங்லயே ஆசை வானத்தைத் தொட்டுச்சு: 30 விநாடி அனிமேஷன், கண்ணாடி டம்ளர், தண்ணி, நிழல், எல்லாம் நிஜம் மாதிரி இருக்கணுமாம். கணக்கு போடுங்கப்பான்னு தலையால அடிச்சுக்கிட்டேன். விநாடிக்கு 24 ஃப்ரேம்னா மொத்தம் 720. ஒரு ஃப்ரேமை ரெண்டர் பண்ண, அதாவது கம்ப்யூட்டர் கணக்கு போட்டு படமாக்க, 10 நிமிஷம்னாலே 120 மணி நேரம். "அதெல்லாம் கடைசியில பாத்துக்கலாம் மச்சி."

கடைசியும் வந்துச்சு. படம் முழுக்க மணலைத் தூவின மாதிரி புள்ளி. "சாம்பிளை, அதான் ஒவ்வொரு பிக்சலுக்கும் விடுற கதிரை, ரெண்டு மடங்காக்கினா புள்ளி பாதியாயிடும்ல?" ஆகாது சாமி! பாத் டிரேசிங்ல (ஒளிக்கதிர் போற வழியைக் கணக்கு போட்டு படமாக்குற முறை) புள்ளி பாதியாகணும்னா சாம்பிள் நாலு மடங்கு வேணும், நேரமும் ஏறக்குறைய நாலு மடங்கு. சரின்னு, புள்ளியை அழிக்கிற டீநாய்சர் போட்டோம். புள்ளி போச்சு, கூடவே மர மேசையோட ரேகையும் போய், மெழுகு பூசின மாதிரி ஆயிடுச்சு.

மாடலிங் எடுத்தவன் தனி ரகம். ஃபைலை மட்டும் அனுப்பினான், பொருள் மேல ஒட்டுற படங்கள், அதான் டெக்ஸ்ச்சரெல்லாம், அவன் கம்ப்யூட்டர்லயே. பிளெண்டர்ங்கிற 3D சாஃப்ட்வேர்ல திறந்தா, டெக்ஸ்ச்சர் கிடைக்காம டம்ளர், மேசை, சுவர் எல்லாம் ஒரே பிங்க். ஃபைல் பேரு 'ஃபைனல்_புதுசு_2_கடைசி'. (அதுக்கப்புறமும் ரெண்டு வந்துச்சு.) 1975-ல மார்ட்டின் நியூவெல் கம்ப்யூட்டர்ல பண்ண டீபாட் மாடலை இன்னைக்கும் உலகமே ரெண்டர் பண்ணுது. நம்மாளு போன வாரம் பண்ண டம்ளருக்கு அடிப்பக்கமே இல்லை.

ராத்திரி 412-வது ஃப்ரேம் ஓடிட்டிருந்துச்சு. சார்ஜ் போயிடும்னு அக்கறையா யாரோ லேப்டாப்பை மூடி வச்சிருக்காங்க.