நாளைக்கும் சேர்த்துப் பொறுக்கிய மன்னா

"ஆண்டவரை நம்புங்க, எல்லாம் நல்லபடியா முடியும்." கடந்த மூன்று மாதத்தில் இதை என்னிடம் சொல்லாத ஆளில்லை. எல்லாரும் அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் கேட்கும்போதெல்லாம் உள்ளே ஒரு கேள்வி முளைக்கும். நல்லபடியா முடியலைன்னா? அதுவரை நம்பினதெல்லாம் வீணா?

அப்பாவுக்கு பயாப்ஸி எடுத்திருந்தார்கள். ரிப்போர்ட் வர நான்கு நாள். அந்த நாட்களில் நான் செய்ததை ஜெபம் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. கண்ணை மூடினால் கணக்கு ஓடும். இப்படி வந்தால் எந்த டாக்டர், அப்படி வந்தால் எத்தனை நாள் லீவு, அம்மாவிடம் யார் சொல்வது, ஆறு மாதம் கழித்து என்ன ஆகும். நடுநடுவே "கர்த்தாவே" என்று ஒரு வார்த்தை. திட்டம் முழுவதையும் நானே போட்டுவிட்டு, கையெழுத்துக்கு மட்டும் ஆண்டவரிடம் நீட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் ராத்திரி ஆஸ்பத்திரி அறையில் உட்கார்ந்து அந்த நோயைப் பற்றி மொபைலில் தேடிக்கொண்டிருந்தபோது அப்பா கூப்பிட்டார். "டேய், கால் நகம் போர்வையில மாட்டுது. கொஞ்சம் வெட்டிவிடுறியா?"

எனக்கு எரிச்சல்தான் வந்தது. நான் எதை நினைத்து மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன், இவருக்கு நகம்! சரி என்று எழுந்து, மடியில் துண்டை விரித்து, அவர் காலைத் தூக்கி வைத்துக்கொண்டேன். பெருவிரல் நகம் தடித்து மஞ்சள் பாரித்துக் கிடந்தது, நகவெட்டி நுழையவே இல்லை. வெந்நீரில் துணியை நனைத்துச் சுற்றிவைத்து, ஊறியபின் ஓரத்திலிருந்து துளித்துளியாக வெட்டினேன். பத்து விரலுக்கு அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரம் எனக்குள் எந்தக் கணக்கும் ஓடவில்லை என்பது அவர் தூங்கினபிறகுதான் உறைத்தது.

பைபிளில் யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்தை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். எகிப்தைவிட்டு வந்த இஸ்ரவேலருக்கு வனாந்தரத்தில் மன்னா என்ற ஆகாரம் வானத்திலிருந்து விழுகிறது, ஆளுக்கு ஒரு ஓமர், அதாவது அன்றைக்குப் போதுமான அளவு, பொறுக்கிக்கொள்ளலாம், காலைவரை மீதி வைக்கக்கூடாது. சிலர் வைத்தார்கள், "அது பூச்சிபிடித்து நாற்றமெடுத்தது." இதைக் கீழ்ப்படியாதவர்களின் கதை என்றே நினைத்திருந்தேன். இப்போது அவர்கள்மேல் பரிதாபமாக இருக்கிறது. பேராசைக்காரர்கள் இல்லை ஐயா, பயந்தவர்கள். நாளைக்கும் விழும் என்று என்ன உத்தரவாதம்? நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். ஆறு மாதத்துக்கான தைரியத்தை ஒரே ராத்திரியில் பொறுக்கப் பார்த்தேன். கெட்டுப்போகாமல் என்ன செய்யும்?

அதற்காகத் திட்டமே போடாதே, மாத்திரை போடாதே என்று பிரசங்கிப்பவர்களோடு நான் சேரமாட்டேன். அதே அதிகாரத்தில் ஆறாம் நாளில் இரண்டு மடங்கு சேர்க்கச் சொன்னவரும் அதே கர்த்தர்தான். அது மறுநாள் நாறவில்லை.

ரிப்போர்ட் வந்தது. நாங்கள் கேட்ட பதில் இல்லை.

பார்க்க வந்த மூத்த விசுவாசி ஒருவர் என்னைத் தனியாக அழைத்து, "விசுவாசத்துல எங்கேயோ குறை இருக்கு தம்பி" என்றார். அன்று வாயை மூடிக்கொண்டேன், இங்கே சொல்லிவிடுகிறேன். மாற்கு 9-ல் ஒரு தகப்பன் "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அழுகிறான். அரைகுறை விசுவாசம், அவனே ஒத்துக்கொள்கிறான். இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை, பிள்ளையைக் குணமாக்கினார். இன்னொரு பக்கம், தானியேல் 3-ல் ராஜாவின் சிலையை வணங்க மறுத்து அக்கினிச் சூளைக்கு முன்னால் நின்ற மூன்று பேர் எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர் என்று சொல்லிவிட்டு, "விடுவிக்காமற்போனாலும்" என்றும் சேர்த்துச் சொன்னார்கள். அந்த வார்த்தையை யாராவது குறை விசுவாசம் என்பார்களா? உங்களைப் பற்றி நான் நினைப்பது தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கர்த்தர் சொல்வதாக நாம் ஸ்டேட்டஸில் போடுகிற எரேமியா 29:11-க்கு முந்தின வசனத்தைப் பாருங்கள், பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்தபிறகுதான் என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறையாகப் போனவர்களுக்கு எழுதின கடிதம் அது. வாசித்தவர்களில் பலர் திரும்பிவரும் நாளைப் பார்த்திருக்கவே முடியாது. அவர்களுக்குத்தான் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று அதே கடிதம் சொல்கிறது.

சிலுவையை எடுத்துக்கொண்டு தன்னைப் பின்பற்ற இயேசு சொன்ன வார்த்தை மத்தேயுவிலும் மாற்குவிலும் இருக்கிறது. லூக்கா மட்டும் 'அனுதினமும்' என்று சேர்க்கிறார். இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தில் ஆகாரம் கேட்கும்போதும் மத்தேயு 'இன்று' என்ற இடத்தில் லூக்காவுக்கு 'அன்றன்றும்'. சுமக்கவேண்டிய சிலுவையும் தினப்படி, சாப்பாடும் தினப்படி. மொத்தமாக வாங்கிவைக்க இரண்டிலுமே வழியில்லை.

எனக்கு அது அன்றைக்கு நகம் வெட்டுவதாக வந்தது. துண்டை மடியில் போடும்போது, இயேசு துண்டைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் காலைக் கழுவின யோவான் 13 ஞாபகம் வந்தது என்று எழுத ஆசைதான், பொய்யாகிவிடும். மறுநாள்தான் வந்தது. வந்தபோது முழுதாக வந்ததுதான் சிக்கல். அந்த அறையில் பேதுருவின் கால் மட்டும் இல்லை, காட்டிக்கொடுக்கப்போகிற யூதாஸின் காலும் இருந்தது. அவன் எழுந்து போனது அதற்குப் பிறகு.

என் வேலையைத் தன் வேலை என்று காட்டி, நான் லீவில் இருந்த நேரத்தில் பேர் வாங்கிக்கொண்ட ஒருவர் ஆபீஸில் இருக்கிறார். போன வாரம் "அப்பா எப்படி இருக்காங்க?" என்று மெசேஜ் அனுப்பியிருந்தார். அப்பாவின் காலைப் பிடிப்பது சுலபம், அவர் என் அப்பா. இந்த மெசேஜுக்கு நாலு தடவை டைப் செய்து நாலு தடவையும் அழித்துவிட்டேன். ஒரு தடவை "பரவாயில்லை" என்பதோடு ஒரு குத்தலும் சேர்ந்து வந்தது.

அப்பாவுக்கு இரண்டாவது சுற்று சிகிச்சை முடிந்திருக்கிறது. வாய்ப்புண் வந்து சாப்பிடச் சிரமப்படுகிறார், நகம் முன்னைவிட மெதுவாகத்தான் வளர்கிறது. அந்த மெசேஜ் இன்னும் அப்படியே இருக்கிறது. இதைப் போஸ்ட் பண்ணிவிட்டு அதைத்தான் திறக்கவேண்டும்.