சோபாவுக்கு மேலே ஓர் ஓவியம்

(சிங்கப்பூரில் தேக்கா பக்கம் சாமி படங்களுக்குச் சட்டம் போடும் கடை. பிள்ளையாருக்குக் கண்ணாடி மாற்ற வந்த நான் வரிசையில் இரண்டாவது.)

அண்ணன்: இரண்டையும் ஒரே ஃப்ரேமில் போட்டுவிடு தம்பி.

தம்பி: பக்கத்தில் பக்கத்திலா, மேலும் கீழுமா அண்ணே?

அண்ணன்: முன்னும் பின்னும்.

தம்பி: சுவரில் மாட்டினால் பின்பக்கம் சுவருக்கு மட்டும்தானே தெரியும்?

அண்ணன்: தெரியவே வேண்டாம். ஈபிள் கோபுரம் முன்னால், இந்தத் துணி பின்னால். போன தடவை வைத்த அட்டை ஈரத்தில் ஊதிவிட்டது. இது நல்ல கெட்டித் துணி. பெயிண்ட் வேறு பூசியிருக்கிறது, தண்ணீர் இறங்காது.

தம்பி: (சுருளைப் பிரித்துப் பார்த்து) அண்ணே, இது ஓவியம்.

அண்ணன்: ஆமாம், கையால் வரைந்தது. அதனால்தான் இவ்வளவு கெட்டி.

(நானும் எட்டிப் பார்த்தேன். வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடியின் பின்பக்கம். மூங்கில் கழிகளில் துணி காய்கிறது. ஒரு சிவப்புச் சேலை சரியாகப் பிழியப்படாமல் கீழ்வீட்டுச் சட்டைமேல் சொட்டுகிறது. அந்தச் சொட்டை ஒரே ஒரு வெள்ளைக் கோட்டில் முடித்திருந்தார்கள்.)

தம்பி: யார் வரைந்தது?

அண்ணன்: அக்கா மகள். நன்யாங் நுண்கலைக் கழகத்தில் படித்தவள். கண்காட்சி வைத்தாள். மாமன் வெறுங்கையோடு வந்தால் நன்றாகவா இருக்கும்? 500 வெள்ளி கொடுத்தேன். மொய் எழுதியதாக நினைத்துக்கொண்டேன்.

தம்பி: ஈபிள் கோபுரம் பாரிஸில் வாங்கியதா?

அண்ணன்: ஜோகூரில் சோபா வாங்கியபோது இலவசமாகக் கொடுத்தார்கள். சோபா சாம்பல், கோபுரமும் சாம்பல். இவள் சேலையைச் சிவப்பாகப் போட்டு வைத்திருக்கிறாள். அப்புறம், இதில் என்ன இருக்கிறது? துணி காய்கிறது. என் வீட்டுச் சன்னலைத் திறந்தால் சும்மாவே தெரியும்.

தம்பி: பாரிஸ்காரர் சன்னலைத் திறந்தால் கோபுரமும் சும்மாவே தெரியும்.

அண்ணன்: அவருக்கு என்ன கலர் சோபாவோ! அதைவிடு. இதை இரண்டே நாளில் வரைந்தாளாம். ஒரு நாளைக்கு 250 வெள்ளி ஆகிறது, தெரியுமா?

(ஓவியரை எதிரில் வைத்துக்கொண்டே இந்தக் கணக்கைப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஃபோனில் கால்குலேட்டரைத் திறந்தே போடுகிறார்கள்.)

தம்பி: உங்கள் வீட்டு ஏர்கானைக் கழுவ வருகிறவர் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டுப் போகிறாரே, அவரிடம் மணிக்கணக்குக் கேட்டீர்களா?

அண்ணன்: ஏர்கான் குளிருமே தம்பி.

தம்பி: சரி. கேன்வாஸை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, வெளியே ஒரு சட்டம் போட்டுத் தருகிறேன். 180 வெள்ளி. கண்ணாடி வேண்டாம்.

அண்ணன்: சாமி படத்துக்கெல்லாம் கண்ணாடி போடுகிறாயே?

தம்பி: அது காகிதம், தினமும் சாம்பிராணிப் புகை வேறு. இதற்குக் காற்றுப் படலாம், வெயில்தான் படக்கூடாது.

அண்ணன்: 180 எல்லாம் முடியாது. கோபுரம் இருந்த பழைய ஃப்ரேமிலேயே போடு. வலது பக்கம் நாலு அங்குலம் வெட்டினால் உள்ளே போய்விடும். அங்கே ஒன்றும் இல்லை, ஓரத்தில் ஏதோ கிறுக்கியிருக்கிறாள்.

தம்பி: அது கையெழுத்து அண்ணே. அதை வெட்டினால் நாளைக்கு விலை போகாது.

அண்ணன்: (கத்தரிக்கோலைத் தானே தள்ளி வைத்துவிட்டு) விலை போகுமா? எப்போது ஏறும்?

தம்பி: செத்த பிறகு ஏறும் என்பார்கள்.

அண்ணன்: நானா?

தம்பி: வரைந்தவர்.

அண்ணன்: அவளுக்கு 24 வயதுதான் ஆகிறது!

தம்பி: அப்படியென்றால் உங்களுக்கு வாய்ப்புக் குறைவுதான்.

அண்ணன்: அதானே. சிங்கப்பூர்க்காரர் வரைந்ததை இங்கே யார் காசு கொடுத்து வாங்கி வைக்கிறார்கள்? முன்பணம் 50 வெள்ளி, பிடி.

தம்பி: இதைத் திருப்பிப் பாருங்கள்.

அண்ணன்: கள்ள நோட்டா?

தம்பி: பின்னால் பாருங்கள்.

அண்ணன்: அட, குரங்கு!

தம்பி: கிப்பன் குரங்கு. சென் வென் ஸி வரைந்தது. பக்கத்தில் உப்புக் கருவாடு காயவைக்கிறார்கள், அது சியோங் சூ பியெங். வீணைகூட இருக்கிறது. 1999இல் வந்த நோட்டு வரிசை. இத்தனை வருடமாக ஓவியத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் அலைகிறீர்கள்.

அண்ணன்: செலவழிக்கும்போது யார் திருப்பிப் பார்க்கிறார்கள்?

தம்பி: சென் வென் ஸி வீட்டிலேயே கிப்பன் வளர்த்து, பார்த்துப் பார்த்து வரைந்தவர்.

அண்ணன்: வீவகவில் விட்டார்களா? பூனைக்கே 2024இல்தான் அனுமதி வந்தது!

தம்பி: அவருடையது தனிவீடு. நோட்டில் இருக்கிற படங்களை வரைந்த இரண்டு பேரும், லியூ காங், சென் சோங் சுவீ என்ற ஓவியர்களோடு 1952இல் பாலித் தீவுக்குப் போனார்கள். அங்கே பார்த்ததை வந்து வரைந்து தள்ளினார்கள்.

அண்ணன்: நானும்தான் பாலி போனேன். மசாஜ் மலிவு. நம் ஆட்கள் யாரும் இல்லையா இதிலெல்லாம்?

தம்பி: தேசிய அரும்பொருளகத்தில் புல்வெளியில் பெரிய சிவப்பு மிளகாய் நிற்கிறதே, பார்த்ததில்லையா? குமாரி நாகப்பன் செய்தது. ஐயான் ஆர்ச்சர்ட் கடைத்தொகுதி வாசலில் இருக்கிற ஜாதிக்காயும் அவர்தான்.

அண்ணன்: அந்த மிளகாய்க்குப் பக்கத்தில் என் சம்சாரத்தை நிற்க வைத்துப் படம் எடுத்தேனே!

தம்பி: யார் செய்தது என்று பார்த்தீர்களா?

அண்ணன்: எங்கே நிழல் இருக்கிறது என்று பார்த்தேன்.

தம்பி: நேஷனல் கேலரி? பழைய உச்ச நீதிமன்றத்தையும் நகர மண்டபத்தையும் சேர்த்து 2015இல் திறந்தார்களே.

அண்ணன்: நீதிமன்றத்துக்குப் போகக் கூடாது என்றுதான் இத்தனை காலம் ஒழுங்காக இருக்கிறேன்.

தம்பி: அங்கே சுவா மியா டீ 1959இல் வரைந்த ஓவியம் ஒன்று இருக்கிறது. மலாய் வகுப்பு. கரும்பலகையில் ‘உன் பெயர் என்ன, எங்கே வசிக்கிறாய்’ என்று மலாயில் எழுதியிருக்கும். சுற்றி உட்கார்ந்து படிக்கிறார்கள். சுயாட்சி வந்த வருடம், வேலை முடித்து வந்து புது தேசிய மொழியைக் கற்கிறவர்கள். ஒவ்வொரு முகமும் ஒவ்வொரு தினுசு. அரை மணி நேரம் நின்றேன். நிரந்தரக் காட்சிக்குச் சிங்கப்பூரர்களுக்குக் கட்டணமே இல்லை.

அண்ணன்: இலவசமா? முதலில் அதைச் சொல்லக் கூடாதா? உட்கார சோபா இருக்குமா?

தம்பி: இருக்கும். என்ன கலர் என்று கவனிக்கவில்லை.

அண்ணன்: சரி சரி, வெட்டாமலே போடு. கோபுரத்தைச் சமையலறையில் மாட்டிக்கொள்கிறேன். ஆனால் 180 அதிகம். ஒரு சிங்கப்பூரருக்கு இன்னொரு சிங்கப்பூரர் குறைத்துக் கொடுக்க மாட்டாயா?

தம்பி: நான் மலேசியா அண்ணே. தினமும் விடியற்காலையில் பாலம் தாண்டி வருகிறேன். அந்த கேலரிக்கு எனக்கு நுழைவுச்சீட்டு உண்டு. காசு கொடுத்துத்தான் பார்த்தேன்.

அண்ணன்: (கொஞ்ச நேரம் யோசித்து) அப்படியென்றால் 180ஐ ரிங்கிட்டில் வாங்கிக்கொள்கிறாயா தம்பி?