ஏலம் போகாதவர் என்றால் இளக்காரமா?

ஞாயிற்றுக்கிழமை ஒரு பரிசளிப்பு விழாவில் நடந்ததை உங்களில் பலர் காணொளியில் பார்த்திருப்பீர்கள். மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பையில் தமிழ்நாட்டுக்காக ஆடிய ஒருவரிடம், "சார், நீங்கள் எவ்வளவுக்கு ஏலம் போனீர்கள்?" என்று ஒரு பையன் கேட்கிறான். பையனை நான் குறை சொல்லவில்லை. அவன் கண் திறந்ததிலிருந்து கண்ட கிரிக்கெட், ஆட்டக்காரர்களை அணிகள் ஏலத்தில் எடுக்கும் ஐ.பி.எல். இருபது ஓவர் போட்டிதான். "என்னை யாரும் எடுக்கவில்லை தம்பி" என்று அவர் சொன்னதும் மேடையில் இருந்த பெரியவர்கள் சிரித்தார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கீழே வந்த கருத்துகள் இன்னும் மோசம். "பிறகு எதற்கு இவரைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார்கள்?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்கு நூற்றுக்கணக்கில் விருப்பக்குறி.

ஏலத் தொகை ஓர் ஆட்டக்காரரின் மதிப்பு அல்ல. எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். ஓர் அணியின் கையில் அந்த நேரம் எவ்வளவு பணம் மிச்சம், எந்த இடம் காலி, யாருடைய பெயர் முன்னால் வந்தது, யாருடையது பின்னால் வந்தது என்பதெல்லாம் சேர்ந்து வரும் விலை அது. 2024 நவம்பரில் இந்திய ஆட்டக்காரர் ரிஷப் பந்த் 27 கோடிக்குப் போனார். ஐ.பி.எல். ஏலத்தில் அதுவரை யாருக்கும் கிடைக்காத தொகை. அடுத்த பருவம் முழுவதும் திணறி, கடைசி ஆட்டத்தில்தான் ஒரு சதம் அடித்தார். அதன்பின் சில வாரங்களிலேயே இங்கிலாந்தின் லீட்ஸில் நடந்த ஐந்து நாள் டெஸ்டில் இரண்டு இன்னிங்ஸிலும் சதம். 27 கோடி இதில் எதைச் சரியாக அளந்தது?

இந்திய டெஸ்ட் ஆட்டக்காரராக இருந்த புஜாராவை எடுத்துக்கொள்ளுங்கள். 2020-21 ஆஸ்திரேலியத் தொடரில் 928 பந்துகளைச் சந்தித்தார். பிரிஸ்பேனில் கடைசி நாள் உடம்பெல்லாம் அடி வாங்கிக்கொண்டு 211 பந்துகள் நின்றார். 1988க்குப் பிறகு ஆஸ்திரேலியா ஒரு டெஸ்ட்கூடத் தோற்காத மைதானத்தில் நாம் வென்றோம். அடுத்த மாத ஏலத்தில் அவருக்குக் கிடைத்தது 50 லட்சம். நம் சென்னை அணிதான் எடுத்தது. அந்தப் பருவத்தில் ஓர் ஆட்டம்கூட ஆடவைக்கவில்லை. அணியின் தேவை அது என்றால் சரி, நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் 103 டெஸ்ட் ஆடியவரின் மதிப்பு 50 லட்சம் என்று எவராவது சொன்னால் விடமாட்டேன்.

"நடராஜனை மறந்துவிட்டாயா?" என்று கேட்பீர்கள். மறக்கவில்லை. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் வீசி வளர்ந்த அந்தப் பந்துவீச்சாளரை 2017 ஏலத்தில் 3 கோடிக்கு எடுத்தார்கள். 2020 ஐ.பி.எல்.லில் மட்டையாளரின் காலடியில் இறங்கும்படி அவர் வீசிய யார்க்கர்கள் அவரை இந்திய அணியோடு ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோயின. அதே பிரிஸ்பேன் டெஸ்டில் அறிமுகமானார். எனக்கும் கண் கலங்கியது. ஆனால் ஏலத்துக்கு முன்பே, 2015இல், அவர் தமிழ்நாட்டுக்காக ரஞ்சி ஆடிவிட்டார். பந்துவீச்சு முறை விதிப்படி சரியா என்று சந்தேகம் எழுந்தபோது உடன் இருந்து சரிசெய்தவர்கள் இங்கிருந்த பயிற்சியாளர்கள். அவர்களும் எந்த ஏலத்திலும் போனவர்கள் அல்லர்.

"ரஞ்சி ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது? ஐ.பி.எல். பணத்தில்தானே?" என்பார்கள். உண்மைதான். 2023 முதல் ஐந்து ஆண்டு ஒளிபரப்பு உரிமை 48,390 கோடிக்குப் போனது. ரஞ்சி ஆட்டக்காரருக்கு இன்று நாளொன்றுக்கு 40,000 முதல் 60,000 ரூபாய் கிடைப்பதற்கு ஐ.பி.எல். வருமானம் முக்கியக் காரணம். நன்றி. ஆனால் சோறு போடுவதால் பக்கத்து இலைக்காரரைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை வந்துவிடுமா?

என் அக்கா மகன் தொடக்க ஆட்டக்காரன். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை அடிக்காமல் விட்டுவிடுவதில் அவனுக்கு அப்படியொரு நிதானம். மணிக்கணக்கில் நிற்பான். போன ஆண்டு சேர்த்த பயிற்சி மையத்தில், "விடுவதற்கா உனக்கு மட்டை? சிக்ஸர் அடித்தால்தான் யார் கண்ணிலாவது படுவாய்" என்று சொல்லி, வலைப்பயிற்சி நேரம் முழுவதும் தூக்கி அடிக்கவைக்கிறார்கள். அக்கா நகையை அடகு வைத்துக் கட்டிய கட்டணம் அது. "மாமா, பந்தை விடுவது தப்பா?" என்று என்னிடம் கேட்டான். தப்பில்லை என்றேன். அவன் நம்பவில்லை. தொலைக்காட்சியில் எவரும் பந்தை விடுவதை அவன் பார்ப்பதே இல்லையே, எப்படி நம்புவான்?

பிள்ளைகள் பார்க்கும் கிரிக்கெட்டே மாறிவிட்டது. நாடுகளும் மாறிவிட்டன. 2024 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்கா நியூசிலாந்துக்கு ஒரு டெஸ்ட் அணியை அனுப்பியது. அணித்தலைவரே அதுவரை ஒரு டெஸ்ட் ஆடாதவர். முன்னணி ஆட்டக்காரர்கள் உள்ளூர் இருபது ஓவர் லீக்குக்காகத் தென்னாப்பிரிக்காவிலேயே நிறுத்தப்பட்டார்கள். அந்த லீக்கின் ஆறு அணிகளுக்கும் உரிமையாளர்கள் நம் ஐ.பி.எல். முதலாளிகள். இரண்டு டெஸ்டிலும் தோற்று, நியூசிலாந்திடம் முதல்முறையாகத் தொடரை இழந்து திரும்பினார்கள். மேற்கிந்தியத் தீவுகளின் அதிரடி ஆட்டக்காரர் பூரன் 29 வயதில் நாட்டு அணியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். அவர்கள் பிழைப்பை நான் குறை சொல்லவில்லை. அந்த நாடுகளின் வாரியங்களிடம் அவ்வளவு பணம் இல்லை. இங்கே பணம் கொட்டிக் கிடக்கிறது. இருந்தும் நாம் ஏன் இப்படி ஆனோம்?

"உனக்கு ஐ.பி.எல். மீது பொறாமை" என்று முன்கூட்டியே எழுதத் தயாராக இருப்பவர்களுக்கு: சேப்பாக்கத்தில் மஞ்சள் சட்டையோடு வரிசையில் நின்றவன் நான். 2025இல் சென்னை அணி கடைசி இடத்தில் முடித்தபோது நானும்தான் வருந்தினேன். ஆனால் தமிழ்நாடு கடைசியாக ரஞ்சிக் கோப்பையை வென்றது 1987-88இல். அதற்காக எந்த வீட்டிலாவது ஒரு பேச்சு உண்டா? பெரிய ஏலம் வந்தால் இரண்டு நாள் விடாமல் நேரலையில் காட்டுகிறார்கள். ரஞ்சியிலோ சில ஆட்டங்களை மட்டும் காட்டிவிட்டு மற்றவற்றை விட்டுவிடுகிறார்கள்.

என்னோடு சண்டை போட வருகிறவர்கள் முதலில் இதற்குப் பதில் எழுதுங்கள்: ஐ.பி.எல். அணி எதிலும் இல்லாமல் இன்று தமிழ்நாட்டுக்காக ரஞ்சி ஆடிக்கொண்டிருக்கும் ஐந்து பேரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? தேடிப் பார்க்காமல் சொல்லுங்கள்.