சராசரி மறைக்கும் ஊர்கள்

2008 பொருளாதார மந்தநிலை அமெரிக்கா முழுவதையும் ஒரே சீராகத் தாக்கியது என்று அதைப் பற்றிய கட்டுரை ஒன்றில் கட்டுரையாளர் எழுதியிருப்பதை ஏற்க இயலவில்லை. 2009 அக்டோபரில் நாட்டின் வேலையின்மை 10 விழுக்காட்டைத் தொட்டது உண்மைதான். ஆனால் அந்தச் சராசரிக்குள்தான் வடக்கு டகோட்டாவின் ஏறத்தாழ 4 விழுக்காடும் மிச்சிகனின் ஏறத்தாழ 14 விழுக்காடும் அடங்கியிருந்தன.

மாநிலக் கணக்குகூடப் போதாது. இந்தியானாவில் எல்கார்ட் வட்டாரம், படுக்கையும் சமையலறையும் கொண்ட பயண வண்டிகளைத் தயாரித்தே பிழைப்பது. பெட்ரோல் விலை ஏறி, வங்கிக் கடனும் வற்றியதும், மக்கள் முதலில் தள்ளிப்போட்டது இத்தகைய ஆடம்பரத்தைத்தான்; 2009 பிப்ரவரியில் அதிபர் ஒபாமா அங்கு சென்றபோது வேலையின்மை 15 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. ஆலை நின்றால் அதற்குக் கதவும் மெத்தையும் செய்து தரும் பட்டறைகள் ஆட்குறைப்பு செய்கின்றன; சம்பளம் நின்ற குடும்பங்கள் உணவகத்தையும் முடிதிருத்தகத்தையும் தவிர்க்க, அங்கும் வேலை போகிறது. கலிபோர்னியாவின் ஸ்டாக்டன், மெர்செட் பகுதிகளிலோ பெரிய ஆலை எதுவும் மூடப்படத் தேவைப்படவில்லை. வீட்டு விலைச் சரிவே கட்டுமானத் தொழிலாளர்களையும், பின்னர் கடை ஊழியர்களையும் வீட்டுக்கு அனுப்பியது.

வேலை இருக்கும் ஊருக்குப் போகலாமே என்று கட்டுரையாளர் எளிதாகச் சொல்லிவிடுகிறார். வாங்கிய கடனைவிடக் குறைந்த விலைக்குப் போகும் வீட்டை எப்படி விற்றுவிட்டுக் கிளம்புவது?