மில் கூரையின் வெளிச்சத்தை ஏன் அடைக்கிறார்கள்?

மும்பை லோயர் பரேல் பக்கம் வேலை பார்க்கிற பலருக்கு ஆபீஸ் முகவரியில் இன்னும் ‘மில்ஸ்’ ஒட்டிக்கொண்டிருக்கும். கமலா மில்ஸ், மதுராதாஸ் மில்ஸ், டோடி மில்ஸ். என் ஆபீஸும் அந்தப் பேட்டையில் ஒரு பழைய நெசவுக்கூடம்தான். மில்லை இடித்துக் கோபுரம் எழுப்பாமல் ஆபீஸாக மாற்றுவதை நான் மனதார ஆதரிக்கிறேன். ஆனால் மாற்றுகிற விதம் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

முதலில் கூரை. நெசவுக்கூடத்துக் கூரை ரம்பப் பல் மாதிரி வரிசையாக ஏறி இறங்கும். ஒவ்வொரு பல்லிலும் செங்குத்தான பக்கம் கண்ணாடி, அதுவும் வடக்குப் பார்த்து. வருடத்தில் பெரும்பாலான நாட்கள் சூரியன் தெற்கே சாய்ந்தே போவதால் அந்தக் கண்ணாடி வழியாக வெயில் இறங்காது, வெளிச்சம் மட்டும் இறங்கும். கண் கூசாத, சீரான வெளிச்சம். ஓடுகிற தறியில் ஒரு இழை அறுந்தால் உடனே கண்ணில் படவேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. நாள் முழுக்கத் திரையைப் பார்க்கிறவர்களுக்கு இதைவிட நல்ல வெளிச்சம் எங்கே கிடைக்கும்? எங்கள் தளத்தில் அதற்குக் கீழே ஃபால்ஸ் சீலிங் போட்டு மூடிவிட்டு, பட்டப்பகலில் எல்.இ.டி. எரிகிறது. ஏசி செலவு என்கிறார்கள். சரி, கண்ணாடியை இரட்டை அடுக்காக்கலாம், சாய்வுப் பக்கத்துக்கு வெப்பம் தடுக்கும் பூச்சு கொடுக்கலாம். வழி இல்லாமல் இல்லை.

அப்புறம் தூண்கள். என் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு வார்ப்பிரும்புத் தூண் நிற்கிறது. அதன் உச்சியில் இரண்டு போல்ட் துளைகள். அங்கேதான் ஒரு காலத்தில் நீளமான இரும்புத்தண்டு சுழன்று, பெல்ட் வழியாகத் தறிகளுக்கு விசை கொடுத்தது. பத்துப் பதினைந்து பேரிடம் காட்டியிருக்கிறேன், ஒருவருக்கும் தெரியவில்லை. எங்கே எழுதி வைத்திருக்கிறது, அவர்களுக்குத் தெரிய?

இங்கே வேலை பார்த்தவர்களைப் பற்றியும் எங்கும் ஒரு வரி கிடையாது. 1982 ஜனவரியில் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் மும்பை மில்களின் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களில் ஏராளமானோர் மில்லுக்குள் திரும்பவே இல்லை. பிறகு நிலத்தின் கதை. மில் நிலத்தை மறுபடி பயன்படுத்தினால் ஒரு பங்கு நகரத்தின் திறந்தவெளிக்கு, ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கு, மீதி உரிமையாளருக்கு என்று மும்பை நகர வளர்ச்சிக்கான 1991 விதி சொன்னது. 2001 திருத்தம் அதைக் காலியாகக் கிடக்கும் நிலத்துக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது. கட்டடம் நின்ற மண் கணக்கிலேயே வரவில்லை. உயர்நீதிமன்றம் இந்தச் சுருக்கத்தை ஏற்கவில்லை, 2006-ல் உச்சநீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது. வீட்டுக்காக விண்ணப்பித்த தொழிலாளர் குடும்பங்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல், கிடைத்தவர்கள் அதில் சிறு பகுதி. ஒரு சதுர அடிக்கு நம் கம்பெனிகள் கொடுக்கிற வாடகையைப் பார்க்கும்போது எனக்கு இது உறுத்துகிறது. உறுத்தவேண்டும்.

எல்லாவற்றையும்விட அவசரமான விஷயம் தீ. மில் வளாகம் நூற்புக்கும் நெசவுக்கும் போட்ட அமைப்பு. அதன் சந்துகளுக்குள் ஆபீஸ், ஹோட்டல், மொட்டைமாடி பார் என்று அடைத்தால் ஆட்கள் ஓடித் தப்பிக்க வழி எங்கே? 2017 டிசம்பர் 29, நள்ளிரவு தாண்டிய சற்று நேரத்தில் கமலா மில்ஸ் வளாகத்தின் மாடியில் தீப்பிடித்து 14 பேர் செத்துப்போனார்கள். கழிப்பறைக்குள் ஒதுங்கி, புகையில் மூச்சுமுட்டிப் போனவர்கள்தான் அதில் அதிகம். பழைய கட்டடத்தைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்பவர்கள் உள்ளே இருக்கிற உயிரையும் சேர்த்துத்தான் பொறுப்பேற்கவேண்டும்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது உங்கள் கம்பெனிக்காகப் பழைய மில்லிலோ, கோயம்புத்தூர்ப் பக்கம் ஏதாவது பஞ்சாலையிலோ இடம் பார்க்கப் போனால், ஃபால்ஸ் சீலிங் பலகை ஒன்றைக் கழற்றி மேலே என்ன இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். இரண்டாவது படிக்கட்டு எங்கே என்று கேட்டு, அதில் நீங்களே இறங்கிப் பாருங்கள். வாடகையை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.