ஓக் கட்டைகளை மார்ச்சுக்குள் எடுங்கள், முடியாவிட்டால் எடுக்கவே எடுக்காதீர்கள்

நீள்கொம்பு வண்டு என்றதும் நமக்கு மாமரத் தண்டுத்துளைப்பான்தான் நினைவுக்கு வரும், உடனே மருந்தடிக்கத் தோன்றும். அதே குடும்பத்தில் செத்த மரத்தை மட்டுமே தின்று வாழ்பவை ஏராளம். மொரிமஸ் ஃபியூனெரியஸ் அப்படி ஒன்று. ஸ்லோவேனியா, குரோவேஷியா, வடகிழக்கு இத்தாலி பக்கத்து ஓக், பீச் மரக் காடுகளில் இருக்கிறது. சாம்பல் உடம்பு, முதுகில் வெல்வெட் மாதிரி நாலு கறுப்புத் திட்டு. முன்னிறக்கைகள் ஒட்டிப்போனதால் பறக்காது, ஊர்ந்துதான் போகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992 வாழிடச் சட்டத்தில் இதற்குப் பாதுகாப்பு உண்டு.

ஆனாலும் கொத்துக்கொத்தாகச் சாகிறது. காரணம் விறகுக் குவியல்!

புதிதாக வெட்டிய கட்டையின் வாசனைதான் இதை இழுக்கிறது. பெண் வண்டு பட்டையைக் கடித்துக் குழி பறித்து முட்டை வைக்கும். புழு பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே தின்று வளர்ந்து, கடைசியில் கட்டைக்குள் அறை குடைந்து கூட்டுப்புழுவாகும். வண்டாக வெளியே வர மூன்று நான்கு வருடம் பிடிக்கும். குளிர்காலத்தில் வெட்டி, பாதையோரம் அடுக்கி, இலையுதிர் காலத்தில் லாரி ஏற்றினால் மே, ஜூனில் வைத்த முட்டையெல்லாம் அடுப்புக்குத்தான் போகும். குவியலே இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பெண் வண்டுகள் காட்டுக்குள் விழுந்து கிடக்கும் மரத்தைத் தேடிப் போயிருக்கும். அதனால்தான் இப்படிக் குவித்து வைத்துவிட்டுப் பிறகு எடுக்கும் பழக்கம் கண்டிப்பாக நிற்க வேண்டும் என்கிறேன்.

குளிர்காலத்தில் வெட்டியதை மார்ச் முடிவதற்குள் காட்டைவிட்டு எடுத்துவிட வேண்டும். முடியவில்லையா, குறைந்தது ஐந்து வருடம் தொடக்கூடாது. வண்டுக்காகவே விடுவதென்றால் 15 செ.மீ.க்கு மேல் தடிமனான, பட்டை உரிக்காத கட்டைகளை, பாதி நிழலில், அடிக்கட்டை மண்ணைத் தொடும்படி போடுங்கள். மெல்லிய கிளைகள் சீக்கிரம் காய்ந்து பட்டை கழன்றுவிடும், புழு பிழைக்காது. ஒருமுறை போட்டால் போதாது. பழைய கட்டையில் புதிதாக முட்டை வைக்க வராது, வருடா வருடம் பக்கத்திலேயே புதுக் கட்டை சேர்க்க வேண்டும்.

வீட்டுக்குள் அடுக்கிய ஓக் விறகிலிருந்து குளிர்காலத்தில் சிவப்பு வண்டு வந்தால் பயப்பட வேண்டாம். அது பிர்ரிடியம் சாங்குவினியம், சூட்டில் முன்கூட்டியே வெளிவந்தது. பட்டையில்லாத மரத்தில் முட்டை வைக்காது, மேசை நாற்காலிக்கு ஒன்றும் ஆகாது. மருந்தும் வேண்டாம். எரிக்கும்வரை விறகை வெளியே வைத்தாலே போதும். கூரை உத்தரத்தைக் குடையும் ஹைலோட்ரூப்ஸ் வேறு, அது பைன் போன்ற ஊசியிலை மரங்களில் மட்டுமே வளரும்.